உர்ர்ர்! கச்சான் மாதத்தில் ஒரு தேயிலை ஸ்டோருக்குள்ளே

அந்தச் சத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உர்ர்ர்ர்! முரட்டுத் துணியை ஒரே இழுப்பில் கிழித்தால் எப்படிக் கேட்குமோ, அப்படி. டீமேக்கர் ஐயா ஒரு கரண்டித் தேத்தண்ணியைக் காற்றோடு சேர்த்து உறிஞ்சினார், வாய்க்குள் ஒரு சுழற்று சுழற்றினார், பக்கத்தில் சில்லு வைத்து நின்ற உயரமான பாத்திரத்தில் துப்பினார். அடுத்த கிண்ணம். உர்ர்ர்ர்! துப்பல். அடுத்தது. பதினொரு கிண்ணங்களையும் அவர் முடித்தபோது நான் இன்னும் முதல் கிண்ணத்தின் ஆவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லயத்தில் பிறந்து, தேத்தண்ணி குடித்தே வளர்ந்தவள் நான். தேத்தண்ணியை இப்படியும் குடிக்கலாம் என்று எனக்கு யாரும் காட்டியதில்லை!

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், நமுனுகுல மலை முகம் காட்டும் ஒரு வளைவுக்குப் பிறகு இருக்கிறது அந்த ஸ்டோர். தோட்டத்தில் யாரும் அதைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஸ்டோர்தான். சின்ன வயதில் அம்மாயி கொழுந்து நிறுக்கும்போது கூடவே நின்றிருக்கிறேன். நிறுத்த கொழுந்து லொறியில் ஏறி ஸ்டோருக்குப் போகும், நாங்கள் லயத்துக்குப் போவோம். உள்ளே என்ன நடக்கிறது என்பது வாசனையாக மட்டுமே எங்களுக்குத் தெரியும். ராத்திரியில் காற்று நம் பக்கம் திரும்பினால் அந்த வாசனை லயம் வரைக்கும் வரும். அம்மாயி படுத்தபடியே மூக்கைச் சுருக்கி, "இன்னிக்கித் தூளு நல்லா வந்திருக்கு" என்பாள்.

இந்த ஓகஸ்ட் கடைசியில், அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு முழு ராத்திரியும் அடுத்த நாள் காலையும் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தேன். வந்த காரியம் சின்னது. ஸ்டோர் வாசலில் விற்பனைக் கவுன்டர் ஒன்று உண்டு. அதன் மேலே விலைப்பலகை. இருபதுக்கு மேல் வரிகள்! ஓ.பி., ஓ.பி.1, பெக்கோ, பீ.ஓ.பி., பீ.ஓ.பி.எஃப்., எஃப்.பீ.ஓ.பி., டஸ்ட் 1, சில்வர் டிப்ஸ், கிரீன் டீ, இஞ்சி போட்டது, கறுவா போட்டது, தகரப் பெட்டி, மரப் பெட்டி, யானைப் படம் போட்ட பெட்டி. எல்ல பக்கமிருந்து வந்த வெளிநாட்டுச் சோடி ஒன்று அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்து, ஒருவரையொருவர் பார்த்து, கடைசியில் ஆக விலை கூடிய பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் மேல் குற்றமே இல்லை. பெரிய விடுதிகளில் வைன் பட்டியலைப் புத்தகம் போலக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்களாம். படிக்கத் தெரியாதவர் விலையைத்தான் படிப்பார். இங்கேயும் அதுதான். அப்படியானால் கொடுத்த காசுக்கு மேலே தரும் பொட்டலம் இந்தப் பலகையில் எங்கே ஒளிந்திருக்கிறது?

"அதுக்குப் பலகையைப் பார்த்தா காணாது தங்கச்சி. உள்ள வாங்க" என்றார் டீமேக்கர் ஐயா.

போனேன்!

முதலில் மாடி. நீளமான தொட்டிகளில் முழங்கை ஆழத்துக்குக் கொழுந்து பரப்பியிருக்கிறது, அடியிலிருந்து மின்விசிறிகள் காற்றை ஊதுகின்றன. 12, 14 மணி நேரம் இப்படி வாட வேண்டும். பச்சைக் கொழுந்தை உடைத்தால் டப்பென்று ஒடியும், வாடியது துணி போல மடியும். கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி முகத்தோடு வைத்துக்கொண்டேன். பழுத்த ஆப்பிள் கூடையைத் திறந்தது போல ஒரு மணம். இவ்வளவு வருடமும் அம்மாயியின் கூடையில் இருந்தது புல் வாசனைதான். அதே இலை, ஒரு மாடி ஏறியதும், பழக்கூடையாகிவிட்டது!

நடுச்சாமத்துக்குப் பிறகு ரோலர்கள் ஓடத் தொடங்கின. சீசனில் இரவுக் குளிரில்தான் வேலை. சூடு ஏறினால் வாசம் போய்விடும். பித்தளை மேசைமேல் வட்டமாகச் சுழன்று இலையை நசுக்கும் அந்த யந்திரங்களின் தாளம் காலடி வழியாக முதுகுக்கு ஏறுகிறது. நசுங்கிய இலையைச் சலித்து, விழுந்ததை எடுத்து, மிச்சத்தை மறுபடி நசுக்கி, மறுபடி சலித்து. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் விழுவதற்குத் தேயிலைக்காரர் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? தூள்! முதல் தூள், இரண்டாம் தூள், மூன்றாம் தூள். ஆங்கிலப் புத்தகத்திலும் தூள்தான். நம் அடுப்படியில் புழங்கும் அதே சொல். அம்மாயி பாயில் படுத்துக்கொண்டு சொன்ன சொல்லை ஸ்டோரின் கரும்பலகையில் சோக்கட்டியால் எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அந்தத் தூளை மேசைமேல் மெல்லியதாகப் பரப்புகிறார்கள். பச்சை கொஞ்சம் கொஞ்சமாகச் செம்புக்கு மாறுகிறது, புளி போட்டு விளக்கிய குடத்தின் நிறத்துக்கு. இங்கே கடிகாரம் பாதி, மூக்கு பாதி. டீமேக்கர் ஐயா குனிந்து முகர்ந்தார், போனார், திரும்பி வந்தார், மறுபடி முகர்ந்தார். திடீரென்று கையை உயர்த்தினார். அவ்வளவுதான்! எல்லாம் சூட்டடுப்புக்குள். 20 நிமிடம் அளவில் மறுபக்கத்தால் கறுப்பாக வெளியே வருகிறது. ஈரம் 3 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். பச்சைக் கொழுந்து நாலரைக் கிலோ போட்டால்தான் இந்தக் கறுப்பில் ஒரு கிலோ.

பலகையில் இருந்த பெயர்களெல்லாம் அதற்கும் பிறகுதான் பிறக்கின்றன. அடுக்கடுக்காக ஆடும் சல்லடைகளில் ஒரே இலை, ஒரே இரவு, ஒரே அடுப்பு பிரிந்துபோகிறது. நீளமாகச் சுருண்டு நிற்பது ஓ.பி., அதாவது ஒரேஞ் பெக்கோ. உடைந்தது பீ.ஓ.பி. அதைவிடச் சின்னது பீ.ஓ.பி.எஃப். ஆகக் கீழே விழுவது டஸ்ட். பெக்கோ என்பது சீனத்தில் இளங்கொழுந்தின் வெள்ளை ரோமத்தைக் குறித்த சொல். ஒரேஞ் என்பதற்கும் தோடம்பழத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆக, பலகையிலுள்ள எழுத்துகளில் பாதிக்கு மேல் சல்லடைக் கண்ணின் அளவுதான். ருசி அவற்றில் எழுதப்படவில்லை. எனக்கு இது ஒரு திருவிழாச் செய்தி! டஸ்ட் என்றால் கூட்டிப் பெருக்கிய குப்பை என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லவே இல்லை. சின்னத் துகளுக்கு மேற்பரப்பு கூட, ஆகவே சாயமும் கடுப்பும் சட்டென்று இறங்கும். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகள் பாலோடு அடித்து ஆற்றித் தருவது டஸ்டைத்தான். பாலில் போடுவதற்கு விலை கூடிய ஓ.பி. வாங்குகிறவர் காசையும் இழக்கிறார், தேத்தண்ணியையும் இழக்கிறார்.

விடிந்ததும் சுவை பார்க்கும் அறை. வடக்குப் பார்த்த பெரிய சன்னல், வெள்ளை ஓடு பதித்த நீளமான மேசை, வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பல் வெட்டிய வாயுள்ள ஒரு மூடிக் கோப்பை. 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தூள், கொதித்த தண்ணீர், 6 நிமிடம். இதற்குச் சர்வதேசத் தர விதியே இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 3103, 1980இல் வந்தது. அதன் பிரிட்டிஷ் மூலத்துக்கு, தேத்தண்ணி ஊற்றும் முறையை ஆறு பக்கத்தில் எழுதியதற்காக, 1999இல் சிரிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் கிடைத்தது. எனக்கோ ஆறு பக்கம் போதாது என்று தோன்றியது. அறுபது பக்கம் எழுதலாம்!

இனிதான் விசயம். டீமேக்கர் ஐயா பதினொன்றையும் ஒதுக்கிவிட்டு நாலு கோப்பைகளை எனக்காக வைத்தார். "நாலும் பீ.ஓ.பி. நாலும் இதே ஸ்டோர். எது வேணும்னு சொல்லுங்க."

நான் சாயத்தைப் பார்த்தேன். முதல் கிண்ணம் கடுஞ்சிவப்பு, பார்க்கவே திருப்தி. கடைசிக் கிண்ணம் மட்டும் வெளிறிய செம்மஞ்சள். முதலாவதைக் காட்டினேன்.

"குடிங்க" என்றார்.

முதலாவது நல்ல தேத்தண்ணி. கனமானது, இதமானது. இரண்டாவதும் அதே சாயல், கொஞ்சம் சப்பென்றிருந்தது. மூன்றாவதில் நாக்கின் ஓரத்தை ஏதோ ஒன்று கிள்ளியது. நாலாவதை, அந்த வெளிறியதை, அவர் காட்டிய மாதிரியே காற்றோடு உறிஞ்சினேன். உர்ர்ர்! அடேயப்பா! ருசி நாக்கில் நிற்கவில்லை, நேரே மூக்குக்குள் ஏறிவிட்டது. சூடான தண்ணீர் குளிர்ந்தது! நெற்றியில் தைலம் தடவியவுடன் எழும் சில்லிப்பு, அதற்குப் பின்னால் ரோசாவா மல்லிகையா என்று பிடிபடாத ஒரு பூ. துப்ப மறந்து விழுங்கிவிட்டேன். விழுங்கிய பிறகும் மூச்சில் அந்தக் குளிர் இருந்தது.

முதலாவது போன வருட நவம்பர். இரண்டாவது மே. மூன்றாவது ஜூலை கடைசி. நாலாவது இந்த ஓகஸ்டின் இரண்டாம் கிழமை.

கச்சான்!

கச்சான் என்றால் பஸ் நிலையத்தில் சுருளில் கட்டி விற்கும் கடலையும் உண்டு. இது அதல்ல, காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியா பக்கத்தை நனைத்து, தன்னிடம் இருந்த மழையை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை மலைமுகட்டைத் தாண்டி நம் ஊவாவுக்குள் வெறுங்கையோடு இறங்குகிறது. பகலில் காய்ந்த காற்று, இரவில் குளிர். செடி தாகத்தில் தவித்து வாயை மூடிக்கொள்கிறது, வளர்ச்சி குறைகிறது, இலைக்குள் மணப் பொருள்கள் திரள்கின்றன. அவற்றில் ஒன்று மெதைல் சலிசிலேட், வலித் தைலங்களில் மணக்கும் அதே பொருள். அதுதான் என் நெற்றியில் ஏறிய சில்லிப்பு! இந்த ருசி ஜூலை முதல் செப்டெம்பர் வரைக்குள் வரும், சில வருடங்களில் சில கிழமைகள் மட்டும் நிற்கும், நாலு நாள் மழை பெய்தால் போயே போய்விடும். டார்ஜிலிங், சீனத்துக் கீமுன், நம் ஊவா, இந்த மூன்றையும் ஜப்பான்காரர் உலகின் மூன்று பெரும் தேயிலைகள் என்பார்கள். அவர்கள் ஊவா என்று சொல்வது இந்தச் சில கிழமைகளைத்தான்.

இப்போது துள்ளிக் குதிக்கவைத்த செய்தி. அந்தக் கவுன்டரில் விலை போடப்பட்டிருப்பது தரப் பெயருக்கு. பீ.ஓ.பி. என்றால் ஒரே விலை. மே மாதத்துக்கும் அதுதான், கச்சான் கிழமைக்கும் அதுதான்! பலகை இதைச் சொல்லாது. பொட்டலத்தின் அடியைத் திருப்பினால் தெரியும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடியில் இருப்பது பொதி செய்த தேதியாக இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி, "இது எந்த மாசக் கொழுந்து?" என்பது. கவுன்டரில் இருந்த பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு சிரித்துக்கொண்டே பின்பக்க அலுமாரியைத் திறந்தாள்.

விலை போடும் பெரிய விளையாட்டு கொழும்பில் நடக்கிறது. 1883 ஜூலை 30இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் இன்றுவரை கிழமைதோறும் நடக்கிறது. கூவிக் கேட்ட ஏலம் 2020இல், கொரோனா காலத்தில், கணினிக்கு மாறியது. ஒவ்வொரு கிழமையும் வரும் பட்டியலில் தோட்டப் பெயர், இன்வொய்ஸ் இலக்கம், தரம், எடை என்று ஆயிரக்கணக்கான வரிகள். அத்தனைக்கும் மாதிரி கொதிக்கவைத்து, உறிஞ்சி, துப்பி, விலை குறித்துவைக்கிறார்கள் தரகர்களும் வாங்குவோரும். நம் இருபது வரிப் பலகை அதற்கு முன்னால் அரிச்சுவடி! தரகர்களின் சந்தை அறிக்கையில் நம் மாகாணத்துக்கு இரண்டு வரிகள் இருக்கும்: சிறந்த ஊவாக்கள், மற்ற ஊவாக்கள். அந்த இரண்டாவது வரியைப் பார்த்ததும் என் மனம் அங்கேயே போய் ஒட்டிக்கொண்டது. பெயர் பெற்ற தோட்டத்துக்கு அடுத்த மலையில், அதே காற்று வீசும் சரிவில், பெயர் பெறாத ஒரு ஸ்டோர் இருக்கும். சீசனுக்கு வெளியே அதன் தூள் சாதாரணம். கச்சான் அடிக்கும் கிழமையில் அதற்கும் மூக்கில் ஏறும் அந்தக் குணம் வரலாம். பெயருக்குக் கொடுக்கும் காசு மட்டும் மிச்சம். வைன் தெரிந்தவர்களும் இதையே செய்கிறார்கள். ஷாம்பெயின் வாங்கும் காசு இல்லாவிட்டால், அதே முறையில் பிரான்சின் வேறு பகுதிகளில் செய்யும் கிரேமானைத் தேடுவார்கள்.

வெளிநாட்டுப் பெட்டிகளில் கச்சான் ஏன் தெரிவதில்லை என்பதும் அன்றுதான் விளங்கியது. தோமஸ் லிப்டன் 1890இல் இங்கே வந்து அப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். பெட்டியிலிருந்து நிறுத்து விற்ற தேயிலையைப் பொட்டலத்தில் அடைத்து எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோன பெருவியாபாரி அவர். வருடம் முழுக்க ஒரே ருசி வேண்டும் என்றால் பல தோட்டத்தையும் பல மாதத்தையும் கலக்க வேண்டும். கலப்பது பெரிய கலைதான், நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கலந்த பெட்டியில் மாதம் கரைந்துபோகும். காற்று வேண்டும் என்றால் ஒரே தோட்டம், ஒரே மாதம் என்று கேட்டு வாங்க வேண்டும். பெட்டியில் வாளேந்திய சிங்கம் இருந்தால், அது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று தேயிலைச் சபை தரும் உறுதி. அதற்கு மேல் மாதத்தைக் கேட்பது நம் வேலை.

சில்வர் டிப்ஸ் பற்றி என்னிடம் கேட்டவர்களுக்குப் பதில்: அழகு, வெள்ளி மொட்டு, பரிசாகக் கொடுக்கலாம். ஊவாவுக்கு வந்து நான் அதற்குக் காசு கொடுக்க மாட்டேன். இந்த மண்ணின் குணம் காற்றில் வாடி, நசுங்கி, சிவந்து, சூட்டில் காய்ந்த பிறகுதான் வெளியே வருகிறது. கறுவா, இஞ்சி போட்டவை வேறு சந்தோசம். கச்சான் தூளில் அதைப் போட வேண்டாம், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

கவுன்டரில் டீமேக்கர் ஐயா எனக்குக் காட்டிய வித்தையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிட்டிகைத் தூளை உள்ளங்கையில் வைத்து, கையை மூடி, விரலிடுக்கால் சூடான மூச்சை ஊதி, உடனே முகர வேண்டும். இறந்த தூள் பெட்டிக் கடதாசி போல மணக்கும், உயிருள்ளது எழுந்து வரும். தூள் கறுப்பாக, ஒரே அளவாக இருக்க வேண்டும். சாம்பல் பூத்திருந்தால் அளவுக்கு மேல் சல்லடையில் உரசுப்பட்டது. ஊறிய இலையைப் பாருங்கள், பளிச்சென்ற செம்பு நிறம் வேண்டும். எனக்கு ஆகப் பிடித்தது இது: கிண்ணத்தில் ஆறிய தேத்தண்ணி மேலே மெல்லக் கலங்கி மோர்த் தண்ணி போல ஆனால் ஊற்றிவிடாதீர்கள்! அது அழுக்கல்ல. சத்துள்ள தேயிலை ஆறும்போது அப்படித்தான் ஆடை கட்டும். என் நாலாவது கிண்ணம் அரைமணி நேரத்தில் கலங்கி நின்றது. எனக்கு அது பரீட்சையில் முதலாம் இடம் எடுத்தது போல இருந்தது.

கணக்குப் போட்டோம். 200 கிராம் பொட்டலத்தில், கோப்பைக்கு இரண்டரைக் கிராம் வீதம், 80 கோப்பை. விலையை 80ஆல் பிரித்துப் பாருங்கள். உலகத்தின் மூன்று பெரும் தேயிலைகளில் ஒன்று, பதுளை பஸ் நிலையத்து வடை விலைக்குக் கிட்ட வருவதைப் பார்த்து நான் அதிர்ந்துபோனேன். ஒரு வைன் போத்தலில் ஐந்தாறு கிளாஸ்தான் வரும்!

அந்தக் கணக்கு எனக்கு அங்கேயே முடியவில்லை. ஒரு பெண் ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து பறித்தால் அது 4 கிலோ தூள். 4 கிலோ தூள் 1,600 கோப்பை. 2021இல் 1,000 ரூபாயான நாட்கூலி 2024இல் 1,350 ஆனது. கச்சான் மாதத்தில் செடி அதிகம் வளர்வதில்லை, கொழுந்து குறைவு, நிறை சேர்ப்பது கஷ்டம். ருசி ஏறும் அதே கிழமைகளில்தான் கூடை நிரம்பாமல் போகிறது. அம்மாயி அந்த மாதங்களில் உதட்டில் வெடிப்போடும் அரைக்கூடையோடும் வந்து நிறுவைக்கு நின்றது எனக்கு ஞாபகம். அதனால் மலிவு என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்தப்போவதில்லை. காசுக்கு மேலே கிடைக்கிறது, அந்த மேலே உள்ளது அவளுடையது. கவுன்டரில் விலை குறைக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. ஓகஸ்ட் இரண்டாம் கிழமைப் பொட்டலங்களில் மிச்சமிருந்தது ஒன்பது. ஒன்பதையும் வாங்கினேன்!

அன்றைக்குச் சாயங்காலம் சித்தி வீட்டில். ஐ.எஸ்.ஓ. 3103 என்று தொடங்கி, இரண்டு கிராம், ஆறு நிமிடம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்க, சித்தி பொட்டலத்தைக் கத்தரித்து மூக்கருகே கொண்டுபோனாள். கையை மூடி ஊதவில்லை, ஒன்றுமில்லை. "இது காத்து மாசத்துத் தூளு" என்றாள். கேத்தல் கொதித்தது. அவள் கண்ணளவாகத் தூள் போட்டு, மூடி வைத்து, வெளியே போய்க் கோழியை அடைத்துவிட்டு வந்தாள். நான் கைப்பேசியைப் பார்த்தேன், ஐந்து நிமிடம் ஐம்பது செக்கன்.

ஊற்றினாள். உள்ளங்கையில் சீனி வைத்து, நக்கிக்கொண்டு, அவள் குடித்தாள். நான் உர்ர்ர் என்று உறிஞ்சினேன். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். மறுபடி உறிஞ்சச் சொன்னார்கள். உறிஞ்சினேன். அப்புறம் ஆளுக்கொரு கரண்டியை எடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள், உர்ர்ர், உர்ர்ர்ர். சித்தி இரண்டாவது கேத்தலை அடுப்பில் வைத்தாள்.